குடும்பத்தோடு முதல் குரூஸ்: டிக்கெட் விலைக்குப் பிறகு வருகிற கணக்கு

[காட்சி: காலிமுகத்திடல், மாலை. தூரத்தில் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல்.]

வணக்கம். பின்னால் தெரிகிறதே அந்தக் கப்பல், காலையில் வந்தது, இரவு போய்விடும். கொழும்புக்கு வருகிற பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக இப்படித்தான், ஒரு நாள் நின்று ஆட்களை இறக்கிச் சுற்றிக்காட்டி, திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறவை. நாம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் சிங்கப்பூருக்குப் பறக்க வேண்டும். சென்னையும் ஒரு வழிதான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது நான் ஆசையாகச் சொன்னேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "திருகோணமலையைப் பார்க்க நான் ஏன் சென்னைக்குப் போகவேணும்?" நியாயம்தான். சென்னையில் ஏறுகிற யோசனை உங்களுக்கு இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள், கப்பல் இந்தியாவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது, அதனால் ஒரு தடவை மட்டும் நுழையவிடுகிற இந்திய விசா போதாது.

நாங்கள் சிங்கப்பூரில் ஏறினோம். நான், மனைவி, 2 பிள்ளைகள், 4 இரவு, மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும். இரண்டு வருடம் கட்டிய சீட்டை எடுத்துத்தான் டிக்கெட் போட்டோம். டிக்கெட்டோடு செலவு முடிந்தது, சாப்பாடு எல்லாம் உள்ளேதானே என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். கடைசி நாள் பில்லைப் பார்த்தபோதுதான் இந்த வீடியோ போடவேண்டும் என்று தோன்றியது.

[திரையில்: கணக்கு, ஒவ்வொரு வரியாக]

விளம்பரத்தில் வருகிற விலை கேபினுக்கு இல்லை, ஆளுக்கு. அதுவும் இரண்டு பேர் ஒரு கேபினில் தங்குவதாக வைத்துப் போட்ட விலை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறையும், சிலநேரம் 'பிள்ளைகள் இலவசம்' என்றும் போடுவார்கள், ஆனால் துறைமுக வரி அந்த இலவசப் பிள்ளைக்கும் உண்டு. உதாரணத்துக்கு வரியும் சேர்த்து நான்கு பேருக்கும் 1,600 அமெரிக்க டொலர் என்று வைப்போம். இதற்கு மேல் டிப்ஸ். நம்மூர் ஹோட்டலில் எழும்பும்போது மேசையில் வைத்துவிட்டுப் போகிற டிப்ஸ் மாதிரி இல்லை இது, ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிக்கொண்டே இருக்கும், பல கம்பெனிகளில் பிள்ளைக்கும் சேர்த்து. ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டொலர் என்று பிடித்தால், 4 பேர், 4 இரவு, 288 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று போட்டுப் பாருங்கள், 86,400 ரூபா. வைஃபை ஒரு ஃபோனுக்கு நாளைக்கு 20 டொலர் என்றால் இன்னொரு 80. இந்த இரண்டே இரண்டும் சேர்ந்து டிக்கெட் விலையில் கிட்டத்தட்ட கால்வாசி, இன்னும் நீங்கள் ஒரு குளிர்பானம்கூடக் குடிக்கவில்லை. சில கம்பெனிகள் டிப்ஸையும் டிக்கெட்டிலேயே சேர்த்துப் போடும், அதனால் இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது முதல் பக்கத்து விலையைப் பார்க்காதீர்கள், காசு கட்டுகிற கடைசிப் பக்கம் வரை போய், டிப்ஸையும் கூட்டி, ரூபாவில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

எப்போது போவது? இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து போகிற கப்பல்களின் விலை அந்த ஊர் ஸ்கூல் லீவைப் பார்த்துத்தான் ஏறும், அவர்களுடைய நீண்ட லீவு ஜூனிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரையும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் லீவு வருகிற வருடங்களில், அங்கே ஸ்கூல் நடந்துகொண்டிருக்கும். பெரிய வெள்ளியையும் ஓகஸ்ட் 9, அவர்களுடைய தேசிய தினத்தையும் ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டால் நல்ல விலை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. டிசம்பர்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, காசு இருக்கிறது போங்கள்.

அப்புறம், நான்கு பேர் படுக்கிற கேபின் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், உயிர்காப்புப் படகில் இடம் எத்தனை என்று பார்த்துத்தான் அதையும் விற்பார்கள். ஆகவே 'கடைசி நேரத்தில் விலை விழும்' என்கிற கதை கணவன் மனைவி இரண்டு பேருக்குச் சரி, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆபத்து. கேபின் வகையில் ஜன்னல் இல்லாதது போதும் என்பது என் கட்சி, மனைவி கட்சி பால்கனி. தூங்கத்தான் அறைக்கு வருகிறோம், அந்த வித்தியாசக் காசில் பினாங்கில் இரண்டு நாள் சாப்பிடலாம் என்று நான் சொன்னேன், கப்பலில் ஏறிய முதல் இரவு, விளக்கை அணைத்ததும் பகலா இரவா என்றே தெரியாத இருட்டில் சின்னவள் அழத் தொடங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சின்ன இரவு விளக்கு கொண்டு போங்கள். கடல் ஒத்துக்கொள்ளுமோ என்று பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு.

[காட்சி: பத்தரமுல்ல, குடிவரவுத் திணைக்களத்தின் வெளிப்புறம்]

பாஸ்போர்ட். பெரியவர்களுடையது 10 வருடம், அதனால் நமக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பாஸ்போர்ட் 3 வருடம்தான். பயணத்துக்கு 6 மாதம் மிச்சம் இருக்கவேண்டும் என்பதால் உண்மையில் அது இரண்டரை வருடத்துப் பாஸ்போர்ட். டிக்கெட் போட முதல் அலுமாரியைத் திறந்து பிள்ளைகளின் புத்தகத்தைப் பாருங்கள், போட்ட பிறகு பார்த்து விடியற்காலையில் ஒருநாள் சேவை வரிசையில் நிற்காதீர்கள்.

விசாவில் சிங்கப்பூர் நமக்குச் சுலபம், முன்கூட்டியே எடுக்கத் தேவையில்லை. வருவதற்கு 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது முற்றிலும் இலவசம், காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள். கப்பல் நிற்கிற இடங்களில் பினாங்கோ போர்ட் கிளாங்கோ இருந்தால் மலேசிய இ-விசா வேண்டும். "நான் இறங்கவே மாட்டேன், கப்பலிலேயே இருப்பேன்" என்றாலும் ஏறுகிற இடத்திலேயே விசா கேட்கலாம், ஆகவே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்து விதிகள் மாறுகிறவை, டிக்கெட் போடுகிற வாரத்தில் பாருங்கள்.

இனி விமானம். கப்பல் புறப்படுகிற அன்று காலை போய் இறங்குகிற டிக்கெட் மலிவாக இருக்கும், எடுக்காதீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து 4 மணித்தியாலம்தான், ஆனால் விமானம் பிந்தினால் கப்பல் உங்களுக்காக நிற்காது, கட்டிய காசும் திரும்பி வராது. ஒரு நாள் முன்பே போய் ஒரு இரவு தங்குங்கள். அந்த ஹோட்டல் காசையும் குரூஸ் செலவில்தான் எழுதவேண்டும். சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிற இடம் இரண்டு, ஒன்று ஹார்பர்ஃப்ரண்டில், மற்றது மரீனா பே. உங்கள் டிக்கெட்டில் எது என்று பார்த்து டாக்சிக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்லுங்கள், வெறுமனே மரீனா பே என்றால் மூன்று கோபுரத்து ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். மரீனா பேயில் ஏறுகிறவர்கள் மரீனா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம்.

சரி, கார்ட் விஷயம், இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன்.

கப்பலுக்குள் காசு செல்லாது. கதவைத் திறக்கத் தருகிற உங்கள் கேபின் கார்டில் எல்லாம் ஏறும், அதற்குப் பின்னால் உங்கள் வங்கிக் கார்ட் நிற்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் அவர்கள் முன்கூட்டியே பிடித்து வைக்கிற தொகை உங்கள் சொந்தக் காசு, அது திரும்ப விடுபட நாட்கள் ஆகும், இடையில் சிங்கப்பூரில் கடையில் நிற்கும்போது கார்ட் வேலை செய்யாது. கிரெடிட் கார்ட் கொடுங்கள். பல கப்பல்களில் காசை முற்பணமாகக் கட்டவும் விடுவார்கள், செலவு கைமீறிப் போகும் என்று பயப்படுகிற குடும்பத்துக்கு அது நல்ல வழி. வெளிநாட்டுச் செலவுக்கு நம் கிரெடிட் கார்டில் வங்கியின் மாற்றுக் கட்டணமும் முத்திரை வரியும் சேரும், எத்தனை வீதம் என்று புறப்பட முதல் வங்கிக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்கள், அதே ஃபோனில் கார்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடவும் சொல்லுங்கள். எங்கேயாவது மெஷின் "ரூபாவில் கட்டுகிறீர்களா" என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த அன்புக்கு விலை உண்டு.

இன்னொன்று, ஓடிபி. வங்கி அனுப்புகிற குறுஞ்செய்தி உங்கள் இலங்கை சிம்முக்கு வரும், நடுக்கடலில் சிக்னல் இல்லை. கப்பலில் ஏறிய பிறகு வைஃபை வாங்க நான் பட்ட பாடு அதுதான். வைஃபை, கரையில் இறங்குகிற சுற்றுலா எல்லாவற்றையும் வெள்ளவத்தையில் இருந்தபடியே வாங்கிவிடுங்கள், முன்பே வாங்கினால் விலையும் பெரும்பாலும் குறைவு. கப்பலில் காலை வைத்ததும் எல்லோருடைய ஃபோனையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று செட்டிலைட் வழியாக ஓடுகிற மொபைல் சிக்னல் ஒன்று இருக்கிறது, உங்கள் ஃபோன் அதில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் வீட்டுக்கு வரும்.

குடிக்கிறது பற்றிச் சொல்லவேண்டும். தண்ணீர், தேநீர், சாதாரணக் கோப்பி பெரும்பாலும் இலவசம். சோடா, நல்ல கோப்பி, மதுவகை எல்லாம் காசு, அதற்கு மேலே 18 வீதம் அல்லது அதற்கும் கூடுதலாக சேவைக் கட்டணம். மது பேக்கேஜ் எடுக்கிறவர்கள் கவனம், ஒரு கேபினில் ஒருவர் எடுத்தால் அதே கேபினில் இருக்கிற மற்றப் பெரியவரும் எடுக்கவேண்டும் என்பது சில கம்பெனிகளின் விதி. எங்கள் வீட்டில் குடிப்பவர் யாரும் இல்லை, அந்தத் தலைவலி இல்லை. எங்கள் தலைவலி கேம்ஸ் அறை. மூத்தவனிடம் இருந்த கேபின் கார்டைத் தட்டினால் மெஷின் ஓடும், அவன் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய் பிள்ளைகளின் கார்டில் செலவை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள், கதவு மட்டும் திறக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

[காட்சி: பினாங்கு, லிட்டில் இந்தியா தெரு]

கரையில் இறங்குகிற சுற்றுலாவைக் கப்பலிடம் வாங்குவதா, நாமே போவதா என்பது ஊரைப் பொறுத்தது. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தோடேயே வந்து நிற்கும், இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில், தெருவெல்லாம் தமிழ்ப் பாட்டு. அங்கே பஸ் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 60, 70 டொலர் கொடுப்பது வீண். போர்ட் கிளாங் அப்படி இல்லை, கோலாலம்பூர் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வழியில் நெரிசல் பிடித்தால் திரும்பி வருவதே பயம், அங்கே கப்பலின் பஸ்ஸில் போவது நிம்மதி, அது பிந்தினால் கப்பல் நிற்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் கடலில் நங்கூரம் போட்டு நின்று சின்னப் படகில் கரைக்கு விடும், அதற்கு ஒரு மணி நேரம் போய்விடும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால் வேறு. ஃபோன் அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் மாலிபன் பிஸ்கட் வைக்கலாம், கேத்தலும் அயன் பாக்ஸும் வைத்தால் ஏறும்போதே எடுத்துவிடுவார்கள், எங்கள் முன்னால் நின்ற குடும்பத்தின் ரைஸ் குக்கர் போனதை நான் கண்ணால் பார்த்தேன். சைவம், ஹலால் எது வேண்டுமோ புக் பண்ணும்போதே எழுதுங்கள். பயணக் காப்புறுதி கட்டாயம், கப்பல் டாக்டர் பார்ப்பதும் உங்கள் பில்லில்தான் ஏறும், இங்கே ஐந்து பனடோலோடு முடிகிற காய்ச்சல் அங்கே டொலரில் முடியும்.

கடைசி இரவு தூங்க முதல் ஆப்பிலோ டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் அந்த இரவே வரவேற்பு மேசைக்குப் போங்கள், காலையில் போனால் அரைக் கப்பல் வரிசையில் நிற்கும். திரும்புகிற விமானத்தை மதியத்துக்குப் பிறகு எடுங்கள், சிங்கப்பூர் வருகை அட்டையை இன்னொரு தடவை நிரப்ப மறக்கவேண்டாம், கப்பலில் திரும்பி வருவதும் அந்த நாட்டுக்குள் வருவதுதான். அதற்கும் வைஃபை வேண்டும், அதனால் பினாங்கிலோ புக்கெட்டிலோ கரையில் நிற்கும்போது நாள் கணக்கு சரியாக வந்தால் அங்கேயே நிரப்பிவிடுங்கள்.