தலையில் பணியாரம் வைத்தும் முயல் ஏன் அசையவில்லை?

[காட்சி: வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி. ஆத்தங்குடிக் கல் தரை. தூண் ஓரத்தில் ஒரு வெள்ளை முயல்.]

இவன் பேர் சீடை. ஆத்தங்குடியில் என் அக்கா வீட்டில் வளர்கிறான். போன ஆடி மாதம் அக்கா வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மகள் ஆறிப்போன பணியாரம் ஒன்றை எடுத்து இவன் தலையில் வைத்துவிட்டாள். "மாமா, அசையவே இல்ல பாருங்க! சீக்கிரம் போட்டோ எடுங்க" என்றாள். நானும் போனை எடுத்தேன். திரையில் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இதே மாதிரி ஒரு படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர். அப்போதெல்லாம் ஒரு படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் பழுப்பு நிறத்தில் வட்டமாக ஏதோ தெரிந்தது. தோசையா, அப்பமா என்று யோசிப்பதற்குள் அதன் கீழே ஒரு நெற்றி வந்தது. அப்புறம் கண். அப்புறம் மூக்கு. முயல்!

[காட்சி: ஜப்பான் வரைபடம். வடக்கே ஹொக்கைடோ தீவு மட்டும் நிறம் மாறுகிறது.]

அந்த முயலின் பெயர் ஊலாங். ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் ஹொக்கைடோவில் வளர்ந்தது. பிறந்தது 1994 ஜூலை 28. வளர்த்தவர் புகைப்படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். ஊலாங்கின் தலையில் ரொட்டி, பழம், கோப்பை என்று ஏதாவது ஒன்றை வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டு வந்தார். உலகம் முழுக்கச் சுற்றிய படத்தில் இருப்பதைப் பேன்கேக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது டோராயாகி. நம் வெள்ளைப் பணியாரம் அளவில் இரண்டு அப்பங்களைச் சுட்டு, நடுவில் இனிப்புப் பயறு பூரணம் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு பண்டம்.

2001 வாக்கில் அந்தப் படம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கைக்குப் போனது. யாரோ அதன் கீழே ஒரு வரி எழுதினார்கள்: "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் இந்தாருங்கள், தலையில் பேன்கேக் வைத்த ஒரு முயல்." அவ்வளவுதான். எங்கே யார் தலையும் வாலும் இல்லாமல் பேசினாலும் பதிலுக்கு இந்தப் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். ஃபேஸ்புக் வந்தது 2004இல். யூடியூப் 2005இல். இன்ஸ்டாகிராம் 2010இல். இவை எதுவும் இல்லாத காலத்தில், ஆளுக்கு ஆள் அனுப்பியே பரவிய படம் இது.

சரி, ஊலாங் எப்படி அப்படி உட்கார்ந்தது?

[காட்சி: சீடையின் தலை, பக்கவாட்டில், மிக அருகில்.]

இங்கே பாருங்கள். முயல் காதைப் பின்பக்கம் படுக்கப் போட்டால் நெற்றிக்கும் காதுக்கும் இடையில் சின்னதாக ஒரு சமதளம் கிடைக்கிறது. நான்கு காலையும் உடம்புக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டால் உடம்பும் ஆடாது. எந்தப் பொருளும் அதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கும். அதில் வித்தை ஒன்றும் இல்லை. என்னைக் கட்டிப்போடுவது அந்த மனிதரின் பொறுமைதான். ஒரே முயலோடு வருடக்கணக்கில் இருந்து, அதன் கூடவே படம் எடுத்திருக்கிறார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். முயல் இரண்டு காரணத்துக்காக அசையாமல் இருக்கும். ஒன்று, நிம்மதி. இன்னொன்று, பயம்.

முயல் பிற உயிர்களுக்கு இரையாகும் பிராணி. அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றி இருப்பதெல்லாம் தெரியும், தலைக்கு மேலே வருவதும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் இருக்கிற சின்ன இடம்தான் தெரியாது. மேலிருந்து ஒரு கை இறங்கினால் அதற்கு அது பருந்து. ஓட வழி இல்லாவிட்டால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு உறைந்து போகும். நாம் "எவ்வளவு சமத்து!" என்று சிரித்துக்கொண்டிருப்போம்.

சீடையை அன்றைக்குத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் பிதுங்கி, ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காது முதுகோடு விறைத்துக் கிடந்தது. பணியாரத்தை எடுத்ததும் ஒரே பாய்ச்சல். தூணுக்குப் பின்னால் போய்ப் பின்னங்காலால் தரையில் 'டொப்' என்று ஒரு தட்டு. வளவு முழுக்கக் கேட்டது. ஆபத்து என்று மற்ற முயல்களுக்குச் சொல்கிற தட்டு அது. அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு முயலே கிடையாது. யாருக்குச் சொன்னான் என்று நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

நிம்மதியாக இருக்கும் முயல் வேறு மாதிரி இருக்கும். காது அப்போதும் பின்னால்தான் சாய்ந்திருக்கும், ஆனால் தளர்ந்து கிடக்கும். கண் பாதி மூடியிருக்கும். பின்னங்காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கன்னத்தை மெதுவாக வருடினால் பல்லை லேசாக நறநறவென்று தேய்க்கும்.

முயலை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, "தூங்கிவிட்டது" என்று எடுக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அது தூக்கம் இல்லை. பிடிபட்ட இரை செத்தது போலக் கிடக்கும் நிலை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம்.

[காட்சி: முற்றத்து வெயிலுக்கு எதிரே சீடையின் காது.]

இந்தக் காதைப் பாருங்கள். வெயில் பின்னால் இருக்கும்போது வெற்றிலை நரம்பு மாதிரி ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் இந்தக் காது வழியாகத்தான் வெளியே விடும். ஹொக்கைடோ குளிரில் ஊலாங்குக்கு அது சுலபம். நம் சித்திரை வெயிலில் அப்படி இல்லை, 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். இங்கே ஆத்தங்குடிக் கல் பெரிய உதவி. நண்பகலில்கூடச் சில்லென்று இருக்கும். சீடை வயிறு படப் படுத்துவிடுவான். தகரக் கூண்டில் மொட்டை மாடியில் மட்டும் முயலை வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பணியாரம் தலைக்கும் வேண்டாம், வாய்க்கும் வேண்டாம். முயலுக்கு வாந்தி வராது. வயிற்றுக்குள் தப்பாக எது போனாலும் திரும்பி வர வழி இல்லை. பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், நாள் முழுக்கப் புல்லை மென்று தேய்க்க வேண்டும். சீடைக்கு அருகம்புல் என்றால் உயிர்.

ஊலாங் 2003 ஜனவரி 7ஆம் தேதி இறந்தது. எட்டரை வயது இருக்கும். அதை நேரில் பார்க்காத எத்தனையோ பேர் வருத்தப்பட்டார்கள். அதில் நானும் ஒருவன்.

அக்கா மகள் இப்போது தலையில் எதையும் வைப்பதில்லை. சாயங்காலம் தரையில் குப்புறப் படுத்து, போனை அவன் உயரத்துக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். முதல் பத்து நாள் அவன் கிட்டேயே வரவில்லை. போன வாரம் வந்தான். போனை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் விளிம்பில் தாடையைத் தேய்த்தான். முயலின் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. தன்னுடையது என்று நினைக்கிற பொருளில்தான் அப்படித் தேய்க்கும்.

[காட்சி: கலங்கலான ஒரு படம். பாதி தாடை, பாதி மீசை முடி.]

அப்போது அவள் எடுத்த படம் இதுதான்.