"நாங்க என்ன டீச்சர் படிச்சோம்?"

(சேலம் அம்மாபேட்டையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள், சிவதாபுரம், பள்ளப்பட்டிப் பக்கமிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள், செவ்வாய்ப்பேட்டையில் காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு அப்படியே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் நேரே பேச்சுக்கு வந்துவிடுகிறேன்.

பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச அப்பா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "நாங்க என்ன டீச்சர் படிச்சோம், உங்ககிட்ட விட்டாச்சு, அடிச்சாவது படிக்க வெச்சிருங்க." முதலில் அந்த அடிக்கிற விஷயத்தை முடித்துவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளையை உடம்பாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது, நானும் அடிக்க மாட்டேன், நீங்களும் அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை பாடத்தைக் கற்றுக்கொள்வதில்லை, தெரியாததை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது. அது எவ்வளவு கெடுதல் என்று வகுப்பில் நிற்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

இனி அந்த "நாங்க என்ன படிச்சோம்" என்பதற்கு வருகிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். பிள்ளைக்குப் பாடம் நடத்துவது உங்கள் வேலை இல்லை, அதற்கு நாங்கள் இருக்கிறோம். உங்கள் வேலை பிள்ளை சொல்வதைக் கேட்பது. அதற்கு எட்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சொல்லப்போனால் பாடம் தெரியாதவர் கேட்கும்போதுதான் பிள்ளை முழுசாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு அரைகுறையாகச் சொன்னாலே புரிந்துவிடும், நானே மீதியை நிரப்பிக்கொள்வேன், உங்களுக்கு அப்படிப் புரியாது.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொலுசு வேலை செய்கிற வீடு. அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணி கோர்த்துக்கொண்டிருக்கிறார், எதிரே ஆறாவது படிக்கிற பெண், புத்தகத்தை மூடி மடியில் வைத்திருக்கிறாள். நீர் எப்படி ஆவியாகி மேகமாகி மழையாகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். அம்மா தலையை நிமிர்த்தாமலே, "சரி, மேலே போன தண்ணி ஏன் அங்கேயே நிக்காம கீழே விழுது?" என்றார். பெண் திகைத்துவிட்டாள். அது புத்தகத்தில் இருக்கிறது, இரண்டு தடவை வாசித்தும் இருக்கிறாள், ஆனால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. உடனே புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியைத் தேடினாள், படித்துவிட்டு, மேலே குளிர்ச்சியாக இருப்பதால் ஆவி சின்னச் சின்னத் துளியாகிறது, துளிகள் சேர்ந்து கனமானதும் விழுகிறது என்று சொன்னாள். அந்த அம்மா ஐந்தாவதோடு நின்றவர். அன்றைக்கு அவர் செய்த வேலையை ஆயிரம் ரூபாய் டியூஷன் செய்திருக்காது.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் சிலரை அதையே திரும்பப் படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழாகிவிட்டது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. பிள்ளை ராத்திரி முழுக்கச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, பரீட்சை அறையில் "எல்லாம் மறந்துடுச்சு" என்று அழுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? படிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும், புத்தகம் கண் முன்னால் இருப்பதால் வருகிற தெம்பு அது. மூடினால்தான் உண்மை தெரியும்.

எப்படிக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு சயின்ஸ்ல டீச்சர் என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். சோறு போடும்போது கேளுங்கள், நூல் சுற்றும்போது கேளுங்கள், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நடுவில் "ஏன்?" என்றும் "அப்புறம்?" என்றும் கேட்டால் போதும். பிள்ளை திணறினால் கோபப்படாதீர்கள், அந்தத் திணறல்தான் நாம் தேடிக்கொண்டிருந்தது, எங்கே தெரியவில்லை என்று கண்டுபிடித்தாகிவிட்டது, அங்கே புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நிஜமாகவே புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். தலையாட்ட வேண்டாம், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிள்ளை இங்கிலீஷில் படிக்கிறது, நமக்கு இங்கிலீஷ் வராது, அதனால் ஒதுங்கிக்கொள்வோம் என்று நினைத்துவிடுகிறீர்கள், எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம் இது. தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைக்குத் தமிழில் சொல்ல வரவில்லை என்றால் பாடம் புரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கணக்கில் உங்களுக்குத் தெரிந்தது நிறைய இருக்கிறது, அதை நீங்கள் கணக்கு என்று நினைப்பதே இல்லை. பட்டறைக்காரர்களைக் கேட்கிறேன், எண்பது டச், அதாவது நூற்றுக்கு எண்பது பங்கு சுத்தமான வெள்ளியில் ஒரு கிலோ கொலுசு செய்ய எவ்வளவு சுத்த வெள்ளி வேண்டும்? 800 கிராம், மீதி 200 கிராம் வேறு உலோகம், யோசிக்காமல் சொல்வீர்கள். உங்கள் பிள்ளை ஏழாவது வகுப்பில் சதவீதம் புரியாமல் தவிக்கிறது, இரண்டும் ஒரே கணக்கு. எழுபது டச்சாக இருந்தால் எவ்வளவு, ஒன்றரைக் கிலோ என்றால் எவ்வளவு என்று பிள்ளையைக் கூட உட்கார வைத்துக் கேளுங்கள். தறிக்காரர்கள் வீட்டில் தறியில் ஏற்றுகிற ஒரு பாவு நூலுக்கு எத்தனை வேட்டி இறங்கும், ஒரு வேட்டிக்குக் கூலி என்ன, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்று பிள்ளையை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தொழிலில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் உங்கள் மேல் மரியாதையும் கூடும்.

ஆனால் கணக்குக் கேட்பது வேறு, வேலை வாங்குவது வேறு. ஆர்டர் அதிகம் என்றால், பண்டிகை நெருங்குகிறது என்றால் பிள்ளையை இரண்டு நாள் நிறுத்தி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நான் ஏற்காட்டில் வேலை பார்த்த காலத்தில் காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும், வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். அப்பா அம்மா இருவரும் தோட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பெரிய பெண் வீட்டில் நின்றுவிடுவாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வருஷத்துக்கே வேண்டிய கூலி கிடைக்கிற காலம் அது. ஆனால் அந்த வாரங்களில் பின்னம் நடத்தி முடித்திருப்போம், திரும்பி வந்த பிள்ளைக்குத் தசமம் புரியாது, சதவீதம் புரியாது, அப்புறம் "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று அதுவே முடிவு கட்டிவிடும். கொலுசில் நடுவில் ஒரு கண்ணி சரியாகப் பற்றாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட மூளைக்குக் குறைவில்லை. லீவு தவிர்க்கவே முடியாது என்றால் திரும்பி வந்த அன்றைக்கே டீச்சரிடம் வந்து "என்னென்ன பாடம் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், நாங்கள் சொல்லித் தருவோம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுப்பப்படுகிறார்கள், அம்மா டீயோடு நிற்கிறார். அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்கத்தை ஆராய்கிற மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் படித்தது ஞாபகத்தில் ஊன்றுவது தூக்கத்தில்தான். நாலரை மணி நேரம் தூங்கிய பிள்ளை முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது, நான் தினமும் பார்க்கிறேன். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் தூங்குகிற வீடுகளும் இங்கே இருக்கின்றன. முடிந்தால் பரீட்சை மாதத்திலாவது பிள்ளையைத் தறிக்குத் தள்ளியிருக்கிற அறையிலோ, பக்கத்தில் இருக்கிற பாட்டி வீட்டிலோ படுக்க வையுங்கள்.

பார்வையையும் கவனியுங்கள். போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளையை "கவனம் இல்லை" என்று நாங்களே சொல்லிவிடுவதுண்டு, சோதித்துப் பார்த்தால் கிட்டப்பார்வை. அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. கொடுத்த கண்ணாடியைப் பெண் பிள்ளைக்கு வேண்டாம், அழகு போய்விடும் என்று பீரோவில் வைக்காதீர்கள்.

விடைத்தாள் வருகிற நாள். மார்க்கைப் பார்த்ததும் "எதிர் வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. தாளை வாங்கிப் பிள்ளையோடு உட்காருங்கள். எந்தக் கேள்வி தெரியாமல் விட்டது, எது தெரிந்தும் அவசரத்தில் தப்பானது, எது நேரம் போதாமல் நின்றது என்று பிள்ளையே பிரித்துச் சொல்லட்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். முல்லர், ட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்து கஷ்டமான புதிர்கள் வந்து தோற்றதும் சீக்கிரம் மனம் விட்டுப்போனார்கள், "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் போராடினார்கள். நம் வீட்டில் பாராட்டே குறைவு என்பது வேறு கதை.

பணம் சம்பந்தமாக இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிற பிள்ளையை என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வையுங்கள். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய் மத்திய அரசு உதவித்தொகை வரும். குடும்ப வருமானம் வருஷம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன். அதனால் பன்னிரண்டாவது முடித்ததும் "போதும், கல்யாணத்தைப் பார்க்கலாம்" என்று முடிவெடுக்கும் முன்னால் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், இது சட்டம். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் பத்துக் கடிதம் எழுதுவதைவிட நீங்கள் தீர்மானம் போட்டால் எடை அதிகம்.

பேசி முடித்த பிறகு இரண்டு கேள்விகள் வந்தன, அதையும் சேர்த்துவிடுகிறேன்.

போன் இல்லாமல் பையன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்றார் ஒரு அப்பா. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை வீட்டில் எல்லாப் போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பா போனும் சேர்த்துத்தான், டிவியும் ஓடக் கூடாது. அவனை மட்டும் தடுத்தால் நடக்காது. முதல் வாரம் அழுவான், அடம் பிடிப்பான், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருப்பான். பசித்தால் சாப்பிடுவான், தாங்கிக்கொள்ளுங்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, பேத்தி ஒன்றாவது படிக்கிறாள், அவள் அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், எனக்கு எழுத்தே தெரியாதே சாமி என்றார். பாட்டி, காலையில் அவளைச் சீக்கிரம் கிளப்பி அனுப்புங்கள், 2023லிருந்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலை உணவு போடுகிறார்கள், அதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பாடம் ஏறும். பஸ்ஸுக்கு நிற்கும்போது போர்டில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று அவளைப் படிக்கச் சொல்லுங்கள், ஜங்ஷனா ஐந்து ரோடா என்று அவள்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ராத்திரி உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள், மறுநாள் அதே கதையை அவள் சொல்லட்டும், நடுவில் எதையாவது விட்டுவிட்டால் "அப்புறம் அந்த நரி எங்கே போச்சு?" என்று கேளுங்கள்.