நைடால் நாட்டிலிருந்து ஒரு எல்ஃப்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதற்கே நேரம் வேண்டும். பாத்ஃபைண்டர் என்பது டேபிளைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு. அந்தக் கேரக்டர்கள் சேர்ந்த குழுதான் பார்ட்டி; எல்ஃப் என்பது அதில் வரும் நீண்ட ஆயுள் கொண்ட ஒரு இனம். பெரம்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "பாத்ஃபைண்டரில் நைடால் நாட்டிலிருந்து ஒரு எல்ஃப் கேரக்டர் செய்ய ஆசை. டேபிளில் சொன்னதுமே, 'மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள்தானே, வேண்டாம்டா' என்கிறார்கள். எப்படிச் செய்தால் பார்ட்டியோடு ஒட்டும்?"

தாராளமாகச் செய்யலாம். எனக்கு ரொம்பப் பிடித்த நாடு அது. ஆனால் உங்கள் நண்பர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் நைடால் என்றதும் கறுப்பு உடை, முள்சங்கிலி, ரத்தம் என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாத்ஃபைண்டர் நடக்கும் உலகத்தின் பெயர் கொலாரியன். அதில் அவிஸ்தான் கண்டத்தில் இருக்கிறது நைடால். அங்கே கும்பிடும் சாமி ஸோன்-கூதோன். வலி, இருட்டு, இழப்பு, பொறாமை எல்லாம் அவருடையவை. ஒரு காலத்தில் அவர் டூ-ப்ரால் என்ற அழகான தெய்வம். கலைக்கும் காதலுக்கும் தெய்வமான ஷெலினுக்குச் சகோதரர் முறை. எல்லா உலகங்களுக்கும் அப்பால் இருந்த இருட்டுக்குள் போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். அபாடார் என்ற இன்னொரு தெய்வம் அவரோடு ஒப்பந்தம் போட்டு, வானத்தில் சூரியன் இருக்கும்வரை நிழல் உலகத்திலேயே இருக்க வேண்டும் என்று அனுப்பிவைத்தது.

அப்புறம்தான் எர்த்ஃபால். கொலாரியன் கணக்கில் இன்றைக்குச் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து கற்கள் விழுந்து, எழும்பிய புழுதியில் சூரியனே மறைந்துபோனது. சூரியன் போனதும் ஸோன்-கூதோனின் சிறையும் போனது. அந்த இருட்டு ஆயிரம் வருஷம் நீடித்தது. அன்றைக்கு நைடால்காரர்கள் குதிரை மேய்த்துத் திரிந்த நாடோடிகள். மேய்ச்சல் இல்லை, சோறு இல்லை, விடியலே இல்லை. அப்போது வந்து "நான் காப்பாற்றுகிறேன்" என்று சொன்ன ஒரே சாமி அவர்தான். அவர்களுடைய தலைவர்கள் மூன்று பேர் சரி என்றார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் இருந்தவர்களுக்கு, கரண்ட் இல்லாத மூன்றாவது ராத்திரி வீட்டில் எல்லோரும் எப்படி இருந்தார்கள் என்பது ஞாபகம் இருக்கும். அதை ஆயிரம் வருஷமாக நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று பேர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இப்போது உங்கள் எல்ஃபுக்கு வருகிறேன். இங்கேதான் பலர் ஒரு பொக்கிஷத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எர்த்ஃபால் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு, மாயக் கதவு வழியாக வேறு உலகத்துக்குப் போய்விட்டவர்கள் எல்ஃப்கள். பெருவாரியாகத் திரும்பி வந்தது 2632-ஆம் ஆண்டில்தான். கொலாரியனில் இப்போது 4700-களில் இருக்கிறோம். அதாவது, மனிதர்கள் இருட்டில் கிடந்தபோது எல்ஃப்கள் பக்கத்தில் இல்லை. நைடாலில் வளரும் ஒரு எல்ஃப் குழந்தையிடம் வளர்த்த பாட்டி என்ன சொல்லியிருப்பாள்? "உங்க ஆளுங்க எல்லாம் போயிட்டாங்கடி. எங்க கூட இருந்தவரு அவரு ஒருத்தருதான்." அந்தப் பாட்டி திட்டுவதற்காகச் சொல்லவில்லை, தலை வாரிவிட்டுக்கொண்டே சொல்கிறாள். அந்தப் பெண் மனதில் ஏறுவது கடன். தன் இனம் ஓடிப்போனதற்குத் தான் ஒருத்தி வட்டி கட்டவேண்டும் என்கிற எண்ணம். இதை எழுதிக்கொண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இருக்காது. அவள் நன்றாகச் சிரிப்பாள், வேலை செய்வாள், யாரையும் விட்டுவிட்டு மட்டும் ஓடமாட்டாள். எந்தப் பார்ட்டிக்குத்தான் அப்படி ஒருத்தி வேண்டாம்?

இன்னொன்று வயது. எல்ஃப் உடம்பு 20 வயதிலேயே வளர்ந்துவிடும். ஆனால் நூறை நெருங்கும்வரை மற்ற எல்ஃப்கள் அவளைப் பெரியவளாக மதிக்கமாட்டார்கள். ஆயுள் 600 வரை போகும். மனிதர்களுக்கு நடுவில் வளரும் எல்ஃபுக்கு விளையாட்டிலேயே 'ஃபர்லார்ன்' என்று பெயர் இருக்கிறது. தன் கூட விளையாடியவர்கள் கிழவர்களாகிச் சாவதைப் பார்த்தே வளர்பவர்கள். அந்தப் பெயரில் முதல் லெவலிலேயே எடுக்கக்கூடிய ஒரு ஃபீட்டும், அதாவது கூடுதல் திறமையும், உண்டு. மனதைக் கலக்கும் மந்திரங்களுக்கு எதிராக நன்றாகத் தாங்கும். நைடால் எல்ஃபுக்கு அதை எடுங்கள். இழப்பே சாமியாக இருக்கும் ஊரில் நாலு தலைமுறையை அடக்கம் செய்தவள் அவள். அங்கே யாரும் அவளை அழ வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். "உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, வலி. இதை நம்மால் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். பங்குனி உத்திரத்துக்கு வடபழனி பக்கம் அலகு குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் வேல். கூடவே அக்கா ஒருத்தி காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறாள், தம்பி விசிறிக்கொண்டு வருகிறான், வழியில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுக்கிறார்கள். அலகை எடுத்ததும் திருநீறு வைத்து அழுத்திவிட்டு, "முடிஞ்சுதுப்பா, முடிஞ்சுது" என்று தோளைப் பிடிக்கிறார்கள். அது வேண்டுதல். அவரே எடுத்துக்கொண்டது, அன்றைக்கே முடிகிறது, சுற்றி அவ்வளவு கைகள். இப்போது ஸோன்-கூதோனின் விலக்குகளை, அதாவது அவருடைய ஆட்கள் செய்யக் கூடாதவற்றை, படியுங்கள். நிலையான வெளிச்சத்தை உண்டாக்கக் கூடாது. துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதல் தரக் கூடாது. அந்த நீர்மோரைத்தான் அவர் தடை செய்கிறார். நைடாலின் கொடுமை எனக்கு அங்கேதான் உறைத்தது. வேல் இருக்கிறது, விசிறும் தம்பி இல்லை.

எங்கள் டேபிளில் நடந்ததைச் சொல்கிறேன். நங்கநல்லூரில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். ஒரு தோழி நைடால் எல்ஃபாக ஆடினாள், வில்லாளி. ஒரு சண்டையில் அடிபட்டு, உயிர்க்கணக்கான ஹிட் பாயிண்ட் மூன்றுக்கு இறங்கிவிட்டாள். கிளெரிக்காக, அதாவது சாமியின் சக்தியால் மந்திரம் போடும் பூசாரியாக, ஆடிய பையன் ஓடிவந்து காயம் ஆற்றும் ஹீல் போட்டான், பகடையும் அருமையாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். அவள் கேரக்டர் குரலிலேயே, ரொம்ப மெதுவாக, "என் வலியை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டாள். அந்தப் பையனுக்குப் பதில் வரவில்லை. அப்புறம் இரண்டு வாரம் கழித்து கிளெரிக்குக்கு அடிபட்டது. எல்ஃப் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப்போடவில்லை, பேசவில்லை. விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐந்தாவது வாரமோ என்னமோ, ஒரு குவளைத் தண்ணீரைக் கிளெரிக்கின் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி அம்புக்கு இறகு கட்ட ஆரம்பித்தாள். அந்தப் பையன் கண் கலங்கிவிட்டான். நானும்தான்.

விதிமுறை பக்கம் சுருக்கமாக: அந்த விலக்குகள் சாமியிடமிருந்து சக்தி வாங்கும் கிளெரிக், சாம்பியன் போன்றவர்களைத்தான் கட்டும். வில்லாளியாகவோ திருடியாகவோ இருந்தால் மீறினாலும் சக்தி எதுவும் போகாது, மனசாட்சி மட்டும் உறுத்தும். அதுதான் நமக்கு வேண்டியதும். 2023-இல் வந்த புதிய பதிப்பில் அலைன்மென்ட் என்ற நல்லவர்-கெட்டவர் முத்திரையையே எடுத்துவிட்டார்கள், அதனால் நல்லவளா கெட்டவளா என்று கட்டம் நிரப்ப வேண்டாம். இருட்டில் பார்வை வேண்டுமென்றால் கேவர்ன் எல்ஃப் என்ற குகை எல்ஃப் வகையை எடுத்துக்கொண்டு, குகைக்குப் பதில் அஸ்க்வுட் காட்டு நிழலில் வளர்ந்தவள் என்று வைத்துக்கொள்ளலாமா என ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்மிடம் கேளுங்கள். நாட்டின் தலைநகர் பாங்கோலேஸ் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. எல்ஃப் உடம்பு நாளாக ஆக வாழும் இடத்துக்கேற்ப மாறும் என்பதும் நமக்கு வசதி. சாம்பல் பூத்த முடி, வெளிச்சத்தில் கூசும் கண், இப்படி எதையாவது வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். சித்திரவதையை டேபிளில் விவரிக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு என்ன காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கும் முன்பே, எது வரலாம் எது வரக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து பேசிவிடுங்கள். தழும்பு இருக்கட்டும், அது எப்படி வந்தது என்பது கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். பார்ட்டியில் இருப்பவர்களுக்கு வலி கொடுத்து 'என் கேரக்டர் அப்படித்தான்' என்பதும் வேண்டாம். அவள் தன் சாமியைத் தன் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும்.

ஸோன்-கூதோன் பற்றிய பக்கம் 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்' தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. இன்றைக்கே படித்துவிடுங்கள். படித்துவிட்டு முதல் வேலையாக உங்கள் டேபிளில் கிளெரிக் ஆடப்போவது யார் என்று கேட்டு, அவரோடு ஒரு டீ குடியுங்கள். உங்களுடைய நல்ல காட்சிகளில் பாதி அவரோடுதான் வரப்போகிறது.