கால்வாய் வடிந்ததும் வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் எல்லோருக்கும் தீபாவளி நினைப்பு. கிருஷ்ணகிரி அணையின் பாசனத்தில் நெல் வைத்தவர்களுக்கு இன்னொரு நினைப்பும் உண்டு: முதல் போகத் தண்ணீரை எப்போது நிறுத்துவார்கள்? பெரியமுத்தூரிலிருந்து காவேரிப்பட்டணம் வரை டீக்கடைப் பேச்சு அதுதான். பறவைகளுக்கும் அது முக்கியமான நாள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஷட்டரை இறக்கியதும் கால்வாய் வடிந்து, பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கும். கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். மடையானும் சின்னக் கொக்கும் நீர்க்காகமும் சேர்ந்து வந்து இறங்கும். நம் பையன்களும் கொசுவலையோடு இறங்குவார்கள். பங்கு யாருக்கு அதிகம் என்று கேட்காதீர்கள்.

மீன் தீர்ந்த பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஈரச் சேற்றில் உள்ளானும் வாலாட்டிக்குருவியும் புழு பொறுக்கும். மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக ஒரு வாலாட்டி வரும், பாருங்கள். இருபது கிராம்கூட எடை இருக்காது. இமயமலை ஓடைகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் மதகடிக்கு வந்து சேர்கிறது. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டும். மாந்தோப்புப் பக்கம் போனால் மாங்குயில்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். மழையோடு மட்டும் அதன் சங்கதி முடியவில்லை. இந்த மாதங்களில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான், மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். முட்டையிட நன்னீர் அரிதான அந்தத் தீவுகளில் அக்டோபரில் ஆயிரக்கணக்கில் தட்டான் வருவதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

ராகி அறுப்புக்கு வரும் யானைக் கூட்டம் ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் பாடு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

டவுனுக்குள் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆறுமணிக்குருவியை. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும்போது களைத்துப்போய் மாடியிலோ கொல்லையிலோ விழுந்து கிடக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துவிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, பூனை அண்டாத இருட்டான இடத்தில் விடுங்கள். தெளிந்ததும் மரம் செடி உள்ள இடமாகப் பார்த்துத் திறந்துவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடம் தராது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கரைக்குச் சிமென்ட் பூசினால் கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும். விவசாயிக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மீன்கொத்தியும் பச்சைப் பஞ்சுருட்டானும் மண் கரையைக் குடைந்துதான் கூடு வைக்கும். பூசும்போது, தண்ணீர் படாத மேல்கரையில் ஆங்காங்கே கொஞ்சம் மண்ணை அப்படியே விட்டுவைத்தால் பாசனத்துக்கு நஷ்டமில்லை. பாசன சங்கக் கூட்டத்தில் யாராவது இதை எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பார்க்கப் போகிறவர்கள் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். அணைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவலுக்குத்தான் கூட்டம். வார நாளில் போவது மேல். வணக்கம்.