கடலுக்கு முதுகு காட்டிய நைஜர்

நேயர்களுக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டு மலைகளில் நைஜர் ஆறு பிறக்கிறது. அங்கிருந்து அட்லாண்டிக் கடல் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு அந்தப் பக்கமே திரும்புவதில்லை. வடகிழக்கே சகாராவை நோக்கிப் போகிறது. மாலியில் திம்புக்டு அருகே பாலைவன விளிம்பைத் தொட்டு, அப்புறம் தென்கிழக்கே வளைந்து, நைஜீரியா வழியாகக் கினி வளைகுடாவில் கலக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர்.

இந்த வளைவு ஐரோப்பியரைப் பல நூற்றாண்டுகள் குழப்பியது. நைல் நதியில் சேர்கிறது என்றார்கள் சிலர். ஏதோ ஓர் ஏரியில் போய் வற்றிவிடுகிறது என்றார்கள் வேறு சிலர். எந்தத் திசையில் ஓடுகிறது என்பதிலேயே சண்டை. 1796 ஜூலையில் ஸ்காட்லாந்து மருத்துவர் மங்கோ பார்க், இன்றைய மாலியில் உள்ள சேகு நகருக்கு எதிர்க்கரையில் நின்று, ஆறு கிழக்கே ஓடுவதைக் கண்ணால் கண்டார். அரசர் அவரை ஊருக்குள் விடவில்லை. நாள் முழுக்கப் பட்டினியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரை, வயல் வேலை முடிந்து திரும்பிய ஒரு பெண் வீட்டுக்கு அழைத்துப்போனார். மீன் சுட்டுக் கொடுத்தார், படுக்கப் பாய் விரித்தார். வீட்டுப் பெண்கள் பஞ்சு நூற்றபடியே விருந்தாளியைப் பற்றி அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடினார்கள்: பாவம், பால் கொண்டுவரத் தாயில்லை, தானியம் அரைக்க மனைவியில்லை என்று. பயண வரலாறுகளில் என் மனதை இவ்வளவு தொட்ட இடம் வேறில்லை.

பார்க் இரண்டாம் முறை வந்தார். கூட வந்தவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோனது. 1806இல் இன்றைய நைஜீரியாவில் உள்ள புஸ்ஸா அருகே அவரும் ஆற்றிலேயே இறந்தார்.

சரி, முகத்துவாரம் எங்கே? வியப்பு இதுதான்: ஐரோப்பியக் கப்பல்கள் அங்கேயே நங்கூரம் பாய்ச்சி, அடிமை வியாபாரமும் பாமாயில் வியாபாரமும் செய்துகொண்டிருந்தன. அலையாத்திக் காடுகளுக்குள் ஆறு எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்துவிடுவதால், அந்தச் சேற்று ஓடைகள்தான் நைஜர் என்று மாலுமிகளுக்குத் தெரியவில்லை. முகத்துவாரத்தில் இருந்த பிராஸ் ஊர்க்காரர்களுக்கோ அது தினமும் சரக்குப் படகு ஓட்டும் வழி.

1830இல் ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் லேண்டரும் தம்பி ஜானும் புஸ்ஸாவிலிருந்து படகில் இறங்கி வந்தார்கள். வழியில் பிடிபட்டு, ஆற்றங்கரை ஊரான ஆபோவின் அரசர் முன் நிறுத்தப்பட்டார்கள். பிராஸின் தலைவர் கிங் பாய் மீட்புத் தொகைக்குப் பொறுப்பேற்றுத் தம் படகிலேயே அவர்களைக் கடலுக்குக் கொண்டுவந்தார். அங்கே நின்ற ஆங்கிலக் கப்பலின் கேப்டன், அந்தப் பணத்தைத் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார். நைஜரின் முடிவைக் கண்டவர்கள் என்று லேண்டர் சகோதரர்களைச் சொல்லும்போதெல்லாம், கடைசிக் கட்டத்தில் அவர்களைக் கூட்டிவந்த கிங் பாயின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நன்றி, வணக்கம்.