கற்சிலைமடுக் கல்லும் காணாமல் போன வரிசைகளும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நினைவு நாட்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, நான் கார்த்திகையில் வரும் மாவீரர் நாளான நவம்பர் 27-இல் தொடங்குவேன், இல்லாவிட்டால் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18-இல் தொடங்குவேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டுக்கும் வருவேன். ஆனால் இந்தக் கிழமைக்குள் இன்னொரு நாள் இருக்கிறது, ஒக்டோபர் 31. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடு என்ற ஊரை வன்னி நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஒரு கல் நட்டார்கள். அதில் வெட்டியிருந்தது ஆங்கிலத்தில் ஒரேயொரு வசனம்: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. அவ்வளவுதான். புகழுரை இல்லை, படம் இல்லை. டிறிபேர்க் ஆங்கிலப் படை அதிகாரி, பண்டாரவன்னியன் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1803 ஜூனில் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து அழிந்துபோனது. தீவு முழுவதும் வெள்ளைக்காரன் கை தளர்ந்திருந்த நேரம். ஓகஸ்ட் 25-ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் காவற்படையைத் தாக்கினான். கோட்டை விழுந்தது, பீரங்கிகள் பிடிபட்டன, டிறிபேர்க்கும் ஆட்களும் வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினார்கள். இரண்டு மாதம் கழித்து அதே டிறிபேர்க் திரும்பி வந்து, கற்சிலைமடுவில் வன்னியனைத் திடீரென்று மடக்கினான். ஓடியவனே திரும்பி வந்து வென்ற இடம் என்பதால்தான் அந்தக் கல்லுக்கு அவர்களிடம் அவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

நம்முடைய பழைய வழக்கில் போரில் விழுந்தவனுக்கு அவனுடைய சனம் கல் நடும். பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, படையல் வைக்கும். கற்சிலைமடுவில் கல் நட்டது எதிரி. தன்னுடைய வெற்றிக்குத்தான் நட்டான். ஆனால் இன்றைக்கு அங்கே பூவோடு போகிறவன் யார்? டிறிபேர்க்குக்காக ஒருவரும் போவதில்லை. சிலர் ஓகஸ்ட் 25-ஐக் கொண்டாடுவார்கள், சிலர் ஒக்டோபர் 31-ஐ நினைவு கூருவார்கள். வவுனியாவில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் நிற்கும் அவனுடைய சிலைக்கு மாலை விழும். எல்லாம் பண்டாரவன்னியனுக்குத்தான்.

இது எப்படி நடந்தது என்று நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த விடை இதுதான். அந்தக் கல் பெருமை பேசியதோ இல்லையோ, இடத்தையும் திகதியையும் சரியாகச் சொன்னது. இறந்தவர்களைத் தேடி வருகிற ஆட்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். சிலை வேண்டுமென்றால் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியால் வடக்கே வாருங்கள். கிளிநொச்சியில் ஒரு பெரிய கொங்கிறீட் கட்டி. எறிகணை துளைத்து வெடித்ததுபோல் ஒரு கீறல், உச்சியில் ஒரு தாமரை. 2009 ஜனவரி 2-ஆம் திகதி அந்த நகரம் இராணுவத்திடம் விழுந்ததன் அடையாளம். அதே வீதியில் விழுந்த தண்ணீர்த் தாங்கி பல வருடம் காட்சிப் பொருளாகக் கிடந்தது, பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கும் கடையோடு. தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் போன சுற்றுலா பஸ் குறைவு. இன்னும் வடக்கே போனால் ஆனையிறவு. அங்கே எரிந்த புல்டோசர் ஒன்று. 1991 ஜூலையில் இராணுவ முகாமை நோக்கி வந்த புலிகளின் அந்தக் கவச வாகனத்தின் மேல் ஏறிக் குண்டெறிந்து செத்தவர் காமினி குலரத்ன என்ற சிப்பாய். ஹசலக காமினி என்று சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கிழக்கே புதுக்குடியிருப்பில் துப்பாக்கியும் கொடியும் தூக்கிய சிப்பாய் சிலை.

இதில் ஆனையிறவு புல்டோசரை மட்டும் நான் வேறாகப் பார்க்கிறேன். அந்த இடத்தில், அந்த நாளில், இந்த மனிதன் செத்தான் என்று அது சொல்கிறது. அந்த வாகனத்துக்குள் இருந்தவர்களும் அங்கேதான் செத்தார்கள், அதையும் நாம் தெரிந்துகொள்கிறோம். மற்றவை வென்றதைச் சொல்கின்றன. யார் எங்கே விழுந்தார் என்பதைச் சொல்வதில்லை.

ஒருமுறை முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு வயதான சிங்களத் தம்பதி என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா கையில் பூ வைத்திருந்தார், சில்க் பையில் சுற்றி. ஐயாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். “பழைய கேம்ப் எங்க?” என்று கேட்டார். 1996 ஜூலை 18 அதிகாலையில் தாக்கப்பட்ட முகாமைத்தான் கேட்கிறார் என்று உடனே விளங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் அந்த முகாமோடு போனார்கள், பலருடைய உடல் வீட்டுக்குப் போகவில்லை. புதுக்குடியிருப்புச் சிலையைப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி, “அது எல்லாருக்கும். எங்களுக்கு இங்கே” என்றார். கடற்கரை ஓரமாகக் கையைக் காட்டினேன். இந்த வேலி தொடக்கம் அந்தப் பனை வரைக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அலை தொடாத ஓர் இடத்தில் பூவை வைத்தார்.

இப்போது கார்த்திகைக்கு வருவோம். 1982 நவம்பர் 27-இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் முதலில் செத்தவரின் நாளை, 1989-இல் முல்லைத்தீவுக் காட்டுக்குள் முதல் தடவையாக மாவீரர் நாளாக அனுட்டித்தார்கள். பிறகு துயிலும் இல்லங்கள், அதாவது இயக்கத்தில் செத்தவர்களுக்கான கல்லறைக் காணிகள், வந்தன. கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை, அளம்பில், முழங்காவில், ஈச்சங்குளம் என்று வன்னியில் மட்டும் எத்தனை. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நினைவுக்கல். மாலை 6.05-க்கு மணி, 6.06-க்கு அமைதி, 6.07-க்குச் சுடர். இந்த ஒழுங்கு வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம்.

அந்த வரிசைகளில் விரும்பிப் போனவரும் கிடந்தார்கள், கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவரும் கிடந்தார்கள். இதை நாம் மெதுவாகத்தான் சொல்கிறோம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் மேல் இன்றும் ஆறாத கோபத்தோடு வந்து விளக்கேற்றுகிற தாய்மாரை நான் அறிவேன். கோபம் இயக்கத்தோடு, விளக்குப் பிள்ளைக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு அவர்களுக்கு இருக்கிறது. வெளியில் இருந்து பேசுகிற நம்மில் பலருக்குத்தான் அது இல்லை.

2009-இல் போர் முடிந்த பிறகு இராணுவத்தார் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில காணிகளில் முகாம் வந்தது. 2012-இல் கார்த்திகை விளக்கீடும் நவம்பர் 27-உம் ஒரே நாளில் வந்தபோது, வாசலில் விளக்கு வைத்தவர்களுக்கே அது யாருக்கான விளக்கு என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. முருகனுக்கு என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது.

2016 நவம்பரில் கனகபுரத்தைச் சனம் துப்புரவாக்கத் தொடங்கியது. கத்தி, மண்வெட்டி, கூடை எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பற்றைகளை வெட்டி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி நடுவில் குவித்தார்கள். குவியலில் இருந்து ஒவ்வொருவரும் துண்டை எடுத்து, மண்ணைத் துடைத்து, எழுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் ஒரு ‘கு’ இருக்கும், ஒன்றில் மாதம் மட்டும் இருக்கும். பொருத்திப் பார்த்துப் பெயர் வராது.

அங்கே ஓர் ஐயாவைப் பார்த்தேன். அவர் குவியலுக்குக் கிட்டவே போகவில்லை. பழைய முன்வாசல் இருந்த இடத்தை முதலில் பிடித்தார், செருப்பைக் கழற்றினார், அடியோடு அடி வைத்து அளந்துகொண்டு நேரே நடந்தார். வாய்க்குள் எண்ணுகிறார். ஓரிடத்தில் நின்று வலப்பக்கம் திரும்பி மறுபடி எண்ணினார். பிறகு குந்தியிருந்து, கையால் புல்லைப் பிடுங்கி, வெறும் மண்ணில் விளக்கை வைத்தார். “எப்படி ஐயா தெரியும்?” என்று கேட்டேன். “ஒவ்வொரு வருசமும் வந்தனான். கல்லைத்தானே தம்பி உடைச்சவை, கணக்கையுமோ?” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, “ஐயா, என்ர பிள்ளை உங்கட பிள்ளைக்கு ரெண்டு வரிசை பின்னுக்கு” என்று சொல்லி, அவருடைய விளக்கில் இருந்து அளந்து போனார்.

நவம்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கொஞ்சம் விலகிப் போகிறேன். கொழும்பில் நவம்பர் 11 பொப்பிப் பூ நாள், 1918-இல் முதலாம் உலகப் போர் நின்ற நாள். அந்தப் பூ விற்ற காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போகிறது, எங்கள் பழைய படையினருக்கு ஒன்றுமில்லை என்று 1931-இல் இங்கே சூரிய மல் விற்கத் தொடங்கினார்கள். பிறகு இடதுசாரிகள் அதைப் பெரிய இயக்கமாக்கினார்கள். சூரிய மல் என்பது வேறொன்றுமில்லை, நம் வேலியில் நிற்கிற பூவரசம்பூ. அதே மாதம் அதே வேலியில் மாவீரருக்கு வைக்கிற கார்த்திகைப்பூவும் படர்ந்து பூக்கிறது. ஒரே வேலி இத்தனை பேருடைய துக்கத்துக்குப் பூக் கொடுத்திருக்கிறது.

2009 மே மாதத்தில் போர் முடிந்த முள்ளிவாய்க்காலைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் சொல்வேன். மே மாதத்தில் அங்கே காய்ச்சுகிற கஞ்சியில் அரிசி, தண்ணீர், உப்பு தவிர ஒன்றும் கிடையாது, அந்த நாட்களில் அங்கே கிடைத்ததும் அதுதான். 2021 மே மாதம் அங்கே நடுவதற்குக் கொண்டுவந்த கல் இரவோடு இரவாகக் காணாமல் போனது. ஆனால் அந்த மணலில் நின்றவர்களுக்கு எந்தப் பதுங்குகுழி எங்கே இருந்தது என்று இன்னும் தெரியும். தெற்கில் மே 19-ஐ முதலில் வெற்றி நாள் என்று கொண்டாடினார்கள். 2015-இல் அரசாங்கம் பெயரை மாற்றி நினைவு நாள் என்றது. நல்லதுதான். ஆனால் இன்னும் இருக்கிற இடம் தெரியாதவர்களுக்கு எந்தத் திகதி? கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20-இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் குந்தினார்கள். அந்தக் கொங்கிறீட் தாமரையும் அங்கிருந்து தூரமில்லை. அவர்களில் பலர் விடை கேட்டபடியே செத்துப் போனார்கள்.

கடைசியாக நேயர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த 31-ஆம் திகதி முடிந்தவர்கள் கற்சிலைமடுவுக்குப் போங்கள். ஆசிரியர்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சுப் போட்டி வைக்காதீர்கள், அந்தக் கல்லின் கதையைச் சொல்லுங்கள், போதும். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் போய், ஆச்சியிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு, ஒரு கொப்பியில் எழுதட்டும். யார், எந்த நாள், எந்த ஊர், எந்த வளவு, எந்த மரத்தடி. துயிலும் இல்லம் என்றால் வாசலில் இருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை. அந்த ஐயாவைப் போல அடி அளக்கத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. போன மழையிலும் எங்கள் ஊரில் மூன்று பேர் போய்விட்டார்கள். இந்த மழை தொடங்கிவிட்டது, கார்த்திகைக்கு முன்னமே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.