அர்குங்குவின் ஆறும் வயலும்

நேயர்களுக்கு வணக்கம். நைஜீரியாவின் வடமேற்கே, கெப்பி மாநிலத்தில் இருக்கிறது அர்குங்கு. மீன்பிடித் திருவிழாவால் பேர் பெற்ற ஊர். ஆயிரக்கணக்கானோர் ஆற்றில் குதிக்கும் அந்தப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அந்த மீனையும் அவ்வூர் நெல்லையும் வளர்ப்பது ஒரே வெள்ளம்தான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நல்ல மழை. மேட்டு நிலத்தில் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்துக்கு ஹவுசா மொழியில் ஃபடாமா என்று பெயர். மழைக்காலத்தில் சொக்கோட்டோ ஆறு கரை புரண்டு அதன்மேல் பரவும். நெற்பயிர் அந்தத் தண்ணீரிலேயே நிற்கும். ஆற்று மீன்களும் வயல்வெளிக்குள் ஏறிவந்து முட்டையிடும். தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்பும். வண்டல் வயலில் தங்கிவிடும். அந்த ஈரத்தில் வெங்காயமும் மிளகாயும் போடுவார்கள். முன்பு நம் ஊர் ஏற்றம் போலவே ஒன்றை வைத்து இறைத்தார்கள். 1990களில் உலக வங்கிக் கடனில் நடந்த ஃபடாமா திட்டம் சிறிய பெட்ரோல் பம்புகளைப் பரவலாக்கியது.

இனி திருவிழா. சொக்கோட்டோ சுல்தானின் அரசுக்கும் கெப்பி அரசுக்கும் இடையே நூறாண்டுப் பகை இருந்தது. 1934இல் சொக்கோட்டோ சுல்தான் அர்குங்குவுக்கு வந்தார். அவரை வரவேற்க நடந்த மீன்பிடிப்புதான் இன்றைய பெருவிழா ஆயிற்று. கையில் பிடிக்கும் வலை, ஒரு பெரிய சுரைக்குடுக்கை, இவ்வளவுதான் கருவிகள். குடுக்கை மிதவையாகவும் இருக்கும், பிடித்த மீனை அதன் வாய்வழியே உள்ளே போட்டுக்கொள்ளவும் உதவும். 2005இல் பரிசு வென்ற மீன் 75 கிலோ. அவ்வளவு பெரிய மீன் கிடைப்பதற்குக் காரணம், போட்டி நடக்கும் பகுதியில் ஆண்டு முழுவதும் யாரும் வலை வீசக்கூடாது என்ற கட்டுப்பாடு. அதைக் காப்பவர் 'சர்க்கின் ருவா', அதாவது தண்ணீருக்குத் தலைவர். திருவிழாவைவிட இந்தக் காவலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2016இல் யுனெஸ்கோ விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் தலைவர் எவ்வளவு கவனமாகக் காத்தாலும், மேலிருந்து வெள்ளம் வந்தால்தானே மீன்? 1978இல் சொக்கோட்டோ ஆற்றின் மேற்பகுதியில் பக்கொலோரி அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத் திட்டத்துக்காக நிலம் இழந்த விவசாயிகள் நியாயம் கேட்டு மறியல் செய்தார்கள். 1980இல் காவல்துறை அவர்களைச் சுட்டது, பலர் உயிரிழந்தார்கள். அணைக்குக் கீழே இருந்த ஊர்களின் இழப்பு சத்தமில்லாமல் நடந்தது. வெள்ளம் சுருங்கியது, நெல் போட்டவர்கள் கம்புக்கும் சோளத்துக்கும் மாறினார்கள், மீன்பாடும் குறைந்தது. அணைக் கணக்கில் இந்த நெல்லையும் மீனையும் யாரும் எழுதவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இதற்கு வழி இருக்கிறது. மழைக்கால உச்சத்தில் சில நாட்களாவது அணையிலிருந்து வேண்டுமென்றே பெருவெள்ளம் திறந்துவிட வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதைக் கீழே இருக்கும் ஃபடாமா விவசாயிகளையும் மீனவர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நன்றி, வணக்கம்.